தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடம்: மாதவிடாய் நின்றபின் மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மருந்து

மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் அடியோடு வற்றிவிடாது. சினைப்பை ஓய்ந்த பிறகும், அட்ரினல் சுரப்பி தரும் ஆண்ட்ரோஜனை அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். இது பெரும்பாலும் கொழுப்பிலும் தசையிலும் நடக்கிறது. அந்த நொதியை முடக்குபவை லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரோசோல் 1 மி.கி., எக்ஸிமெஸ்டேன் 25 மி.கி. தினம் ஒன்று, வழக்கமாக ஐந்து வருடம். சிலருக்கு அதற்கும் மேல். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (ஹார்மோனை ஏற்று வளரும் கட்டி) என்று இருந்தால்தான் இவற்றால் பயன்.

தொடங்குமுன் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். கீமோவால் மாதவிடாய் நின்றிருந்தால் அது மெனோபாஸ், அதாவது நிரந்தரமாக நின்றது, ஆகிவிடாது. சினைப்பை வெறுமனே உறங்கிக்கொண்டிருக்கலாம். இந்த மருந்தே அதைத் தட்டி எழுப்பி, கருத்தரிக்கும் வாய்ப்பைக்கூட உண்டாக்கலாம். ஐம்பதை ஒட்டிய வயதினருக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்ப்பது இதனால்தான். மருந்து எடுக்கும்போது ரத்தப்போக்கு தெரிந்தால், துளியாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லெட்ரோசோலையும் அனஸ்ட்ரோசோலையும் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ போடலாம். எக்ஸிமெஸ்டேன் மட்டும் சாப்பிட்ட பிறகுதான்; வெறும் வயிற்றில் உடல் அதைக் குறைவாகவே உறிஞ்சும். ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். ஒரு நாள் தவறியதால் குடி முழுகிவிடாது. வாரக்கணக்கில் தவறுவதுதான் ஆபத்து.

அப்படித் தவறவைப்பது பெரும்பாலும் மூட்டு வலி. முதல் சில மாதங்களிலேயே வந்துவிடும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது, பாட்டில் மூடியைத் திருக முடியாது, நாற்காலியிலிருந்து எழுந்தால் முதல் நான்கு எட்டு தள்ளாடும். நடமாடத் தொடங்கியதும் கொஞ்சம் இளகும். வலிக்கிறதே என்று முடங்கிக் கிடப்பதுதான் பலரும் செய்யும் தவறு, விறைப்பு அதில் கூடத்தான் செய்யும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று வைத்துக்கொண்டால் வலி குறையும். காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை அமிழ்த்தி, முஷ்டியை மூடி மூடித் திறக்கலாம். அப்படியும் தாங்கவில்லை என்றால் மருத்துவரே சில வாரம் நிறுத்திப் பார்த்து, இந்த மூன்றில் வேறொன்றைத் தருவார். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது உண்டு. டுலோக்ஸெட்டின் என்ற வலி தணிக்கும் மருந்து சிலருக்குக் கைகொடுக்கும். எதுவும் சரிப்படாவிட்டால் வேறு வகை ஹார்மோன் மருந்தான டாமோக்ஸிஃபென் இருக்கிறது. ஆனால் அதையும் இந்த மூன்றில் ஒன்றையும் சேர்த்துப் போடக் கூடாது.

எலும்பு சத்தமில்லாமல் தேயும். தொடக்கத்திலேயே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், பிறகு ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை. உணவையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம், 800 முதல் 1,000 யூனிட் வைட்டமின் டி வேண்டும். கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மிகாமல் எடுங்கள். மொத்தமாக விழுங்கினால் பாதி வீண். எலும்புக்காக ஸோலெட்ரோனிக் அமிலமோ டெனோசுமாபோ ஊசியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடச் சொன்னால், பல் பிடுங்கும் வேலை எதுவும் இருந்தால் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். டெனோசுமாபை இஷ்டத்துக்கு நிறுத்தவே கூடாது: எலும்பு இழப்பு வேகமெடுத்து முதுகெலும்பு முறியலாம்.

திடீரென்று குப்பென்று சூடேறி வியர்த்தால், அதைத் தணிக்க வென்லாஃபாக்ஸின், காபாபென்டின் போன்ற ஹார்மோன் இல்லாத மருந்துகள் உண்டு. பிறப்புறுப்பு வறட்சிக்கு முதலில் ஹார்மோன் இல்லாத ஜெல். ஈஸ்ட்ரோஜன் கலந்த கிரீமை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள், மாத்திரை செய்யும் வேலையையே அது கெடுக்கலாம். கொலஸ்ட்ரால் ஏறக்கூடும் என்பதால் அதையும் அவ்வப்போது பாருங்கள்.

இடையில் நீங்களாகவே நிறுத்தியிருந்தால் மறைக்காமல் எத்தனை வாரம் என்று சொல்லுங்கள். மாத்திரை கேட்கவில்லையா, போடவே இல்லையா என்பது தெரியாவிட்டால் மருத்துவர் எடுக்கும் அடுத்த முடிவு தப்பாகப் போய்விடும்.