ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கும்போது ‘மான்’ தூரத்தைப் பாருங்கள்

வேட்டைக்கு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) வாங்கும்போது, பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் தூரத்தை விடுங்கள். விவரக்குறிப்பில் ‘மான்’ என்று தனியாகப் போட்டிருக்கும் தூரத்தைத் தேடிப் பாருங்கள். நீங்கள் சுடும் அதிகபட்ச தூரத்தைவிட அது கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் காசைக் கொட்ட வேண்டாம்.

லேசர் துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் கருவி தூரம் சொல்கிறது. பெட்டியில் இருக்கும் பெரிய எண், ஒளியை நன்றாகத் திருப்பும் பலகையை வைத்து எடுத்தது. மானின் ரோமம் கொஞ்சம் ஒளியைத்தான் திருப்பும். அதனால் 1000 யார்டு கருவி மான் மேல் 500 யார்டுகூட எட்டாமல் போகலாம். உச்சி வெயிலில் இன்னும் குறையும்.

விலை குறைவு என்று கோல்ஃப் ஆட்டத்துக்கான ரேஞ்ச்ஃபைண்டரை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் முன்னால் நிற்பதைப் பிடிக்கும்படி செய்தது; மானுக்கு முன் ஒரு கிளை ஆடினால் கிளையின் தூரத்தைக் காட்டிவிடும். முன்னால் இருப்பதை விட்டு, பின்னால் கடைசியாக இருக்கும் பொருளை அளக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், புதர்க்காட்டில் அது ரொம்ப முக்கியம்.

மூடுபனியிலும் மழையிலும் இந்த ‘மான்’ தூரக் கணக்கு செல்லாது. நீர்த்துளிகளே ஒளியைச் சிதறடித்துவிடும், விலை உயர்ந்த கருவியும் அங்கே தடுமாறும்.