புதிதாக வரும் அருந்ததியர் ஆசிரியருக்குப் பள்ளி எப்படித் துணை நிற்பது?

பொன்னாடையைக் கடைசிக்கு வையுங்கள். கலந்தாய்வு முடிந்து, அருந்ததியர் அல்லது மலைவாழ் சமூகத்து ஆசிரியர் ஒருவர் உங்கள் பள்ளிக்கு வருகிறார் என்று தெரிந்தால் முதல் வேலை வீடு. ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் யாரும் சாதியை நேராகக் கேட்பதில்லை. "எந்தக் கூட்டமுங்? குலதெய்வம் எங்கிங்?" என்பார்கள் (கூட்டம் என்றால் இங்கே குலப்பிரிவு), பதிலைக் கேட்டதும் காலி வீடு காலியில்லாமல் போய்விடும். அவரைத் தனியாக அலையவிடக் கூடாது. தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவரும் முன்கூட்டியே போய், "எங்க பள்ளிக்கூடத்து டீச்சருக்கு வேணுங்" என்று வாடகையைப் பேசி முடித்துவிட வேண்டும். வெளியூரிலிருந்து வரும் எல்லா ஆசிரியருக்கும் இதையே செய்யுங்கள். ஒருவருக்கு மட்டும் செய்தால் அதுவே அடையாளம் காட்டிவிடும். சாதி பணிப்பதிவேட்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

அடுத்தது வேலைப் பங்கீடு. பெரும்பாலும் கோளாறு தொடங்குவது இங்கேதான். ஆதிதிராவிடர் உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றுக்குத் தாலுகா அலுவலக அலைச்சல், கழிப்பறை மேற்பார்வை மூன்றும் "உங்களுக்குத்தான் அந்தப் பிள்ளைங்க வீடு தெரியும்" என்ற சாக்கில் அவர் தலையில் விழும். ஆண்டு விழா, பத்தாம் வகுப்புப் பாடம், பரிசளிப்பு மேடை எல்லாம் வேறு ஆட்களுக்குப் போகும். ஜூன் முதல் வாரமே எல்லாப் பொறுப்புகளையும் ஒரே தாளில் எழுதி, பருவத்துக்கு ஒருமுறை சுழற்றி, ஆசிரியர் கூட்டப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்ன சுழற்சி இரண்டாவது மாதமே நின்றுவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் ஒரே மேசை, ஒரே தண்ணீர்க் குடம், ஒரே மாதிரி டம்ளர். தனித்தனியாக டம்ளர் கொண்டுவரும் பழக்கம் சுத்தத்துக்காகத்தான் என்பார்கள்; யாருடைய டம்ளரை யாரும் தொடுவதில்லை என்று கவனித்தால் விஷயம் புரியும்.

"சலுகையில வந்தவங்க" என்ற பேச்சு எழுந்தால் தலைமையாசிரியர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்பது 2009-ல் தமிழ்நாட்டில் சட்டமானது. பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு 30 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இந்தப் பக்கத்தில் செல்வாக்குள்ள கொங்கு வேளாளரும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். இதைச் சொன்னால் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் பேசிச் சமாதானம் செய்யப் போகாதீர்கள். அன்றே தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள், கூட இருந்தவர்கள் பெயர் ஐந்தையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), (எஸ்) பிரிவுகளுக்கு, இழிவு பிறர் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். சாட்சிப் பெயர் இல்லாத புகார் தடுமாறுவது அதனால்தான். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது. புலனாய்வு செய்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். வன்கொடுமைப் புகாருக்கான உதவி எண் 14566. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த ஆசிரியரின் முடிவு. கூடப் போவது பள்ளியின் கடமை.

இனி பாராட்டு. செப்டம்பர் 5-ல் எல்லோரோடும் சேர்த்து, அவர் செய்த வேலையைச் சொல்லிப் பாராட்டுங்கள்: எத்தனை பிள்ளைகள் புதிதாக வாசிக்கப் பழகினார்கள், எந்தப் பிள்ளை இடைநின்று திரும்பி வந்தது. "இந்தச் சமூகத்துல பொறந்தும்..." என்று ஆரம்பித்தால் அது அவமானம். சாவித்திரிபாய் புலே பிறந்த ஜனவரி 3 நல்ல நாள். 1848-ல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். ஏப்ரல் 14 சமத்துவ நாளை ஒட்டிய பேச்சை ஆண்டுதோறும் அவரிடமே தள்ளிவிடாதீர்கள். அம்பேத்கரைப் பற்றிக் கணக்கு வாத்தியாரும் பேசலாம்.

மாரியம்மன் நோம்பியில் (திருவிழாவில்) ஆசிரியர்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று ஊர்க்காரர்கள் கூப்பிட்டால், எல்லா ஆசிரியர் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெயர் விட்டிருந்தால் பள்ளியிலிருந்து ஒருவரும் போகக் கூடாது.