செல்ஃப் எடுக்காத பழைய டிராக்டர்: நாம் செய்யும் தவறுகள்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே "செல்ஃப் போயிடுச்சு" என்று, என்ஜினை ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துவிடுகிறோம். எங்கள் வீட்டு மூன்று சிலிண்டர் டிராக்டரிலும் இதுதான் நடந்தது. நடவுக்குச் சேறடிக்க வேண்டிய நேரத்தில் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய், கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றிப் பூட்டினோம். மறுபடியும் அதே 'டக்'. கோளாறு, பேட்டரி மைனஸை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் வயரில் இருந்தது. பெயின்ட் அடித்தபோது பெயின்டின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரை வழியாக ஓடிக்கொண்டிருந்த கரண்டு, துரு ஏறியதும் நின்றுபோனது. உப்புத்தாள் தேய்த்து முடுக்கியதும் சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு நாள் போனது போனதுதான்.

"லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்பது அடுத்த தவறு. ஒரு ஹெட்லைட் பல்புக்கு நாலைந்து ஆம்பியர் போதும். டீசல் என்ஜினைச் சுழற்ற செல்ஃபுக்குச் சில நூறு ஆம்பியர் வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். முழுசாக சார்ஜ் ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. நியூட்ரலில் போட்டு, என்ஜின் பிடிக்காமல் இருக்க, டீசலை நிறுத்தும் ஸ்டாப்பரை இழுத்து வைத்து, செல்ஃப் அடித்துப் பாருங்கள். பேட்டரி வோல்ட் 9.6-க்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் போட்டு மறுபடி சோதியுங்கள். இறங்காமல் நின்று, என்ஜினும் சுழலவில்லை என்றால் வயர், ஜாயின்ட், சோலனாய்டு (செல்ஃபுக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்) பக்கம் போங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை என்ஜின் பிளாக்கிலும் வைத்து அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லையா? சில நொடி அடித்துவிட்டு டெர்மினல்களைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிற ஜாயின்ட்தான் குற்றவாளி.

வயர் மாற்றும்போது கனம் குறைந்ததைப் போடாதீர்கள். பேட்டரியில் கை வைக்குமுன் மைனஸைக் கழற்றுங்கள், பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள்.

என்ஜின் பிடிக்கும்வரை விடாமல் அடிப்பதும் மோட்டாரைக் கொல்லும். 10 நொடி போதும். அப்புறம் இரண்டு நிமிடமாவது ஆறவிடுங்கள். என்ஜின் நன்றாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபை விட்டுவிட்டு டீசல் லைனில் காற்று இருக்கிறதா பாருங்கள்.

சில நாள் எடுக்கும், சில நாள் 'கரகர' என்று பல் உரசும். மூன்று சிலிண்டர் என்ஜின் அணையும்போது பெரும்பாலும் ஃப்ளைவீலின் (என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) அதே மூன்று இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் அங்கேதான், அந்தச் சக்கரத்தைச் சுற்றியிருக்கும், செல்ஃப் கடித்துச் சுழற்றுகிற ரிங் கியர் பல் தேயும். செல்ஃபின் முனையில் இருக்கும் சிறு பல்சக்கரமான பென்டிக்ஸை மட்டும் புதிதாகப் போட்டால், தேய்ந்த பல் அதையும் தின்றுவிடும். செல்ஃப் கழற்றியிருக்கும்போதே டார்ச் அடித்து, என்ஜினை மெதுவாகச் சுற்றி எல்லாப் பல்லையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, ஸ்குரூடிரைவர். கீழே நின்றுகொண்டு சோலனாய்டின் இரண்டு போல்ட்டையும் சேர்த்துப் பொறி பறக்க ஸ்டார்ட் செய்வதை ஊரில் திறமையாக நினைக்கிறார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். பழைய மாஸி பெர்குசன் 35-இல் ஹை-லோ லிவரை 'எஸ்' என்ற இடத்தில் வைத்தால்தான் செல்ஃப் அடிக்கும்; அந்த இடத்தில் வண்டி கியரில் இருக்காது. அந்தக் காவலை ஸ்குரூடிரைவர் தாண்டிவிடுகிறது. கியரில் இருந்தால் என்ஜின் பிடித்த நொடியே வண்டி நகரும், நாம் நிற்பதோ பின் சக்கரத்துக்கு முன்னால். சாவி சுவிட்ச் கெட்டிருந்தால் சீட்டில் உட்கார்ந்து அழுத்துகிற மாதிரி ஒரு புஷ் பட்டனை, நியூட்ரலில் இருந்தால் மட்டும் கரண்டு விடும் நியூட்ரல் சுவிட்ச் வழியாகவே, ஒயரிங் தெரிந்தவரிடம் போடச் சொல்லுங்கள்.