பிரஷர் மாத்திரையால் ஈறு வளர்கிறதா? முதலில் அட்டையைப் படியுங்கள்

கண்ணாடி முன் நின்று மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு முன்பற்களுக்கு நடுவில் முக்கோணமாக இறங்கும் ஈறின் நுனி, கூர்மையாக இல்லாமல் குட்டி மணி போல உருண்டு தடித்திருக்கிறதா? பல் முன்பைவிடக் குட்டையாகத் தெரிகிறதா? நீங்கள் பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்றால், பேஸ்ட்டை மாற்றுவதற்கு முன் மாத்திரை அட்டையைக் கையில் எடுங்கள். என் பெரியப்பா மூன்று பேஸ்ட் மாற்றிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் ஒரு பல் டாக்டர், "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

அட்டையில் பெரிதாக அச்சிட்ட பிராண்ட் பெயரை விடுங்கள், பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். நிஃபெடிபின், அம்லோடிபின், ஃபெலோடிபின், வெரபமில், டில்டியாசெம் இவற்றில் ஏதாவது இருந்தால் சந்தேகப்படலாம். எல்லாமே கால்சியம் தடுப்பு மருந்துகள், அதாவது ரத்தக் குழாயைத் தளர்த்திப் பிரஷரைக் குறைப்பவை. நிஃபெடிபினில்தான் இந்தத் தொல்லை அதிகம், அம்லோடிபினில் குறைவு. பலர் ஏமாறுவது கூட்டு மாத்திரையில். டெல்மிசார்டன் என்ற வேறு வகை பிரஷர் மருந்து மட்டும் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருப்போம், அதே மாத்திரைக்குள் அம்லோடிபின் 5 மி.கி. இருக்கும்.

எல்லோருக்கும் வராது. வந்தால் பெரும்பாலும் மருந்து தொடங்கிய ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் தலைகாட்டும், அதுவும் முன்பற்களில். ஈறில் பழைய கொலாஜன் (திசுவுக்கு உறுதி தரும் புரதம்) கரைவது குறைந்து, புதியது மேலே மேலே சேர்வதால் ஈறு தடிக்கிறது. மருந்து மட்டும் காரணமில்லை, பல்லில் படியும் அழுக்கும் சேர்ந்தால்தான் ஆட்டம் பெரிதாகிறது. வெறும் வளர்ச்சி என்றால் ஈறு வெளிர் சிவப்பாக, கெட்டியாக, வலியில்லாமல் இருக்கும். சிவந்து, தொட்டாலே ரத்தம் வந்தால் அழுக்கினால் வந்த அழற்சியும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, மாத்திரையை நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது. ஈறு வளர்ந்தால் யாருக்கும் பக்கவாதம் வராது, பிரஷர் எகிறினால் வரும். மருந்து எழுதிய டாக்டரிடம் போய், "இந்த மாத்திரை தொடங்கி இத்தனை மாதத்தில் ஈறு இப்படி ஆகிவிட்டது, வேறு வகைக்கு மாற்ற முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள், அட்டையையும் காட்டுங்கள். லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவையோ வேறு வகைகளோ உங்களுக்குப் பொருந்துமா என்று அவர் சொல்வார், சிறுநீரகம், சர்க்கரை என்று அவர் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. மாற்றினால் சில வாரங்களிலேயே வீக்கம் வடியத் தொடங்கலாம், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். மாற்ற முடியாது என்று சொன்னாலும் சோர்ந்துவிட வேண்டாம், சுத்தம் ஒன்றே பாதி வேலையைச் செய்யும்.

அப்புறம் பல் டாக்டர். பல்லில் கெட்டியாகப் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது முதல் வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் நல்லது. அங்கே மாத்திரைப் பட்டியலை நீங்களாகவே சொல்லிவிடுங்கள், கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டில் மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, அழுத்தாமல், சின்னச் சின்னதாக அசைத்துத் தேயுங்கள். ஈறு புடைத்த இடத்தில் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் நுழைய அடம்பிடிக்கும், அங்கே பல்லிடுக்கு பிரஷ் எளிது. முதல் சில நாள் ரத்தம் கசியும், பயந்து விட்டுவிட்டால் இன்னும் மோசமாகும். குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன நாள் வரைக்கும் மட்டும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும். பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே இந்த மருந்தால் கொப்பளிக்காமல் அரை மணி நேரம் விட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்து சில மாதம் ஆகியும் மென்று சாப்பிட இடைஞ்சலாக இருந்தால், அதிகப்படியான ஈறைக் கத்தியாலோ லேசராலோ வெட்டி எடுப்பார்கள். அதே மருந்து தொடர்ந்தால் மறுபடி வளரலாம், அதனால் அது கடைசி வழி. சீழ், காய்ச்சல், பல் ஆட்டம் இருந்தாலோ, இந்த மருந்து எதுவும் எடுக்காமலே ஈறு திடீரென வீங்கி உடம்பும் சோர்ந்து போனாலோ தாமதிக்காதீர்கள். சில ரத்தப் புற்றுநோய்களிலும் ஈறு இப்படி வீங்கும்.

இன்றைக்கே ஜன்னல் வெளிச்சத்தில் முன்பற்களை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மாதம் ஒன்று அதே இடத்தில் நின்று எடுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு வளர்வதும் தெரியாது, வடிவதும் தெரியாது.