வள்ளுவர் தலை வெட்டுப்படாமல் வெப்சைட் வடிவமைப்பது எப்படி?

கன்னியாகுமரி லாட்ஜுக்கோ வேன் டூருக்கோ தளம் செய்பவர் பெரிய மானிட்டரில் பார்த்துச் செய்கிறார். ரூம் தேடுபவரோ ரயில் நாகர்கோவில் தாண்டும்போது போனில் பார்க்கிறார். இதற்காக ஒவ்வொரு மாடலின் ரெசல்யூஷனையும் தேடிப் பட்டியல் போட வேண்டாம். அந்தப் பட்டியலுக்கு முடிவே கிடையாது.

திரையில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பது வேறு, பிரவுசர் எத்தனை என்று எண்ணுகிறது என்பது வேறு. 1080 பிக்சல் அகலமுள்ள போன் பலவற்றில் பிரவுசரின் கணக்கு 360தான். மூன்றை ஒன்றாக எண்ணுகிறது. 1920 அகல லேப்டாப்பில் விண்டோஸ் ஸ்கேலிங் 125 சதவீதம் என்றால் கிடைப்பது 1536. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் எழுதுவதெல்லாம் இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான்.

பக்கத்தின் ஹெட் பகுதியில், எந்த அகலத்துக்கு வரைய வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் கட்டாயம் வேண்டும்: ‘விட்த்=டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல்=1’. இது இல்லாவிட்டால் போன் பிரவுசர் பக்கத்தைச் சுமார் 980 அகலத்துக்கு வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். போனுக்கென்று எழுதிய மீடியா குவெரி (இந்த அகலத்துக்கு இந்தத் தோற்றம் என்ற நிபந்தனை) எதுவும் பலிக்காது. ‘யூசர்-ஸ்கேலபிள்=நோ’ மட்டும் சேர்க்காதீர்கள்; கண் மங்கிய பெரியவர்கள் எழுத்தை விரித்துப் பார்க்க வேண்டாமா?

முதலில் மீடியா குவெரியே இல்லாமல் 360 அகலத்துக்கு எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். பிறகு விண்டோவை மெல்ல அகலமாக்குங்கள். வரி வாசிக்க முடியாத அளவு நீளும் இடத்தில்தான் பிரேக்பாயின்ட், அதாவது அடுக்கை மாற்றும் அகலம். பெரும்பாலும் இரண்டு போதும். ஒவ்வொரு ரூமையும் காட்டும் பெட்டிகளான ரூம் கார்டுகளுக்கு அதுவும் தேவையில்லை. சிஎஸ்எஸ்ஸின் கட்ட அடுக்கான கிரிட்டில் ‘ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ்’ போட்டு, குறைந்த அகலம் 260 என்று கொடுத்தால் தானே வரிசை மாறும். அதையே 340 என்று கொடுத்தால், 360 போனில் இருபுறமும் 16 விளிம்பு போக 328தான் மிச்சம். கார்டு வெளியே துருத்தும்.

அதிகம் சொதப்புவது முகப்புப் படம். கரையிலிருந்து எடுத்த படத்தில் இடது ஓரம் விவேகானந்தர் மண்டபம், வலது ஓரம் 133 அடி வள்ளுவர் சிலை, நடுவில் கண்ணாடிப் பாலம் என்று வைத்துக்கொள்வோம். படம் 3:2 விகிதம், ‘ஆப்ஜெக்ட்-ஃபிட்: கவர்’ (பெட்டியை நிரப்பி, மிஞ்சுவதை வெட்டும்). போனில் 360க்கு 480 பெட்டி என்றால் படம் 720 அகலத்துக்கு விரியும். இரு ஓரமும் 180 வீதம் போகும். பாலமும் கடலும்தான் மிஞ்சும். லேப்டாப்பில் 1366க்கு 450 பெட்டி என்றால் உயரம் 911 ஆகும். மேலே 230, கீழே 230 வெட்டு. வள்ளுவரின் தலை காலி.

ஒரே படம்தான் இருக்கிறதென்றால், எந்தப் பக்கம் வெட்டுப்படாமல் தெரிய வேண்டும் என்று சொல்லும் ‘ஆப்ஜெக்ட்-பொசிஷன்’ கொடுங்கள்: போனுக்கு 100% 50%, அகலத் திரைக்கு 50% 0%. நல்ல வழி, திரை அகலத்துக்கேற்ப வேறு படம் காட்டும் ‘பிக்சர்’ டேக்: சிலையை மட்டும் நெட்டுவாக்கில் வெட்டிய படம் 600 அகலம் வரைக்கும், முழுப்படம் அதற்கு மேலும். நெட்டுப் படத்தை ‘எஸ்ஆர்சிசெட்’டில் 720, 1080 என இரண்டு அளவில் வையுங்கள்; பொருத்தமானதைப் பிரவுசரே எடுத்துக்கொள்ளும். திற்பரப்பு போகும் வழியில் சிக்னல் தள்ளாடும்போது போன் 4000 பிக்சல் படத்தை இறக்கிக்கொண்டிருக்காது.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ‘புக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 120 அகலம் என்று நிலையாக வைத்த பட்டனில் ‘முன்பதிவு செய்யுங்கள்’ அடங்காது. அகலத்தை விட்டுவிட்டுப் பேடிங் (எழுத்தைச் சுற்றிய இடைவெளி) மட்டும் கொடுங்கள். ‘கன்னியாகுமரியிலிருந்து’ என்ற ஒரே சொல் பெரிய தலைப்பில் வந்தால் திரையைத் தாண்டும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்’ போடுங்கள், எழுத்தளவுக்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைக்கும் ‘கிளாம்ப்’பில் அதைக் கட்டுங்கள். வரி உயரம் 1.6க்குக் குறைந்தால் ‘ஞூ’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்ச்சுழி அடுத்த வரியை இடிக்கக்கூடும்.

தோவாளைப் பூ விலை போன்ற அட்டவணையைப் போனுக்காக நசுக்க வேண்டாம். ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ’ உள்ள பெட்டிக்குள் வைத்தால் அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும், பக்கம் அசையாது.

சோதிக்க, குரோமில் எஃப்12, பிறகு கன்ட்ரோல்-ஷிப்ட்-எம். ஓரத்தைப் பிடித்து 320இலிருந்து 1920 வரை இழுங்கள். எந்த அகலத்தில் பக்கம் பக்கவாட்டில் நகர்கிறதோ, அங்கே எது நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள். பல தளங்களில் அது லாட்ஜுக்கு வழி காட்டும் கூகுள் மேப்தான். அப்படியே நகலெடுத்து ஒட்டிய கோடில் அகலம் 600 என்றே கிடக்கும். அதை 100% ஆக்குங்கள்.