அறிவியல் புனைகதையின் பெரிய எழுத்தாளர்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

சயின்ஸ் ஃபிக்‌ஷன் படித்துப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிற பலரும் முதலில் ஒரு 'தலைசிறந்த நூறு' பட்டியலைத் தேடி எடுத்து, அதன் உச்சியில் இருக்கிற புத்தகத்தை வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வாங்கினேன், நாற்பது பக்கத்தில் மூடி வைத்தேன், அப்புறம் இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. புத்தகத்தில் குறை ஒன்றும் இல்லை. முன்னால் யார் என்ன பேசினார்கள் என்றே தெரியாமல் சபை நடுவில் போய் உட்கார்ந்தால் எந்தப் பேச்சும் ஒட்டாது. இந்தத் துறையில் எழுத்தாளர்கள் ஒருவருக்கு ஒருவர் பதில் சொல்லிக்கொண்டேதான் எழுதியிருக்கிறார்கள்.

அதனால் ஒரு கேள்வியைக் கையில் எடுங்கள், அது போகிற வழியிலேயே போங்கள். தொடங்க நான் சொல்லும் கேள்வி இது: மனிதன் உண்டாக்கிய ஒன்று மனிதன் முன்னால் வந்து நின்றால் என்ன ஆகும்?

முதல் ஆள் மேரி ஷெல்லி. 1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததில் அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போனது. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். அப்போது மேரிக்கு வயது 18. அங்கே தொடங்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-ல் ஆசிரியர் பெயர் இல்லாமலே வெளிவந்தது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது ஓர் உயிரை உண்டாக்கியவனுடைய பெயர், உண்டாக்கப்பட்டவனுக்குப் பெயரே கிடையாது. சினிமாவில் உறுமுகிற அந்த உருவம் புத்தகத்தில் ஒரு குடும்பத்தை மறைந்திருந்து கவனித்துப் பேசக் கற்றுக்கொள்கிறது, கவிஞர் மில்டனைப் படிக்கிறது, பிறகு தன்னை உண்டாக்கியவனிடமே வந்து நியாயம் கேட்கிறது. ஆரம்பத்தில் வரும் கடிதங்கள் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் நடுவே அது தன் கதையைத் தானே சொல்லும் இடம்தான் உயிர்.

அடுத்து செக் எழுத்தாளர் கரேல் சாபெக். 1920-ல் வந்த 'ஆர்.யூ.ஆர்.' என்ற அவருடைய நாடகத்தில்தான் ரோபோ என்ற சொல் பிறந்தது. சொல்லைக் கொடுத்தவர் அண்ணன் யோசெஃப். செக் மொழியில் 'ரொபோதா' என்றால் கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாத வேலைக்கு 'வெட்டி' என்று வருமே, கிட்டத்தட்ட அதே பொருள். இது தெரிந்துகொண்டு படித்தால், அந்த ரோபோக்கள் ஏன் கிளர்ந்து எழுகின்றன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

உண்டாக்கியவனை உண்டாக்கியதே அழிக்கும் கதைகள் அலுத்துப்போய் அசிமோவ் வேறு மாதிரி யோசித்தார். கருவிக்குப் பாதுகாப்பு வைப்பது போல ரோபோவுக்கும் வைத்தால் என்ன? 1942-ல் வந்த 'ரன்அரவுண்ட்' சிறுகதையில் அவருடைய மூன்று விதிகளும் முதன்முதலாகத் தெளிவாக வருகின்றன: மனிதனுக்குத் தீங்கு வரவிடாதே, சொன்னதைச் செய், உன்னைக் காப்பாற்றிக்கொள், இந்த முக்கிய வரிசையிலேயே. கதை புதன் கிரகத்தில் நடக்கிறது. ஒரு குட்டையிலிருந்து செலினியம் என்ற தனிமத்தை எடுத்துவரச் சொல்லி ஒரு ரோபோவை அனுப்புகிறார்கள். உத்தரவை ஏதோ போகிறபோக்கில் சொல்லிவிட்டதால் அதற்கு அழுத்தம் போதவில்லை. ரோபோவோ விலை அதிகமானது, தற்காப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறார்கள். குட்டையை நெருங்கினால் ஆபத்து பின்னுக்குத் தள்ளுகிறது, விலகினால் உத்தரவு முன்னுக்கு இழுக்கிறது. இரண்டும் சமமாகிற இடத்தில் அது குடித்தவன் மாதிரி பாடிக்கொண்டே வட்டமடிக்கிறது. செலினியம் வராவிட்டால் அனுப்பிய இரண்டு பேரும் வெந்து சாக வேண்டியதுதான். எப்படித் தப்பிக்கிறார்கள் என்பதைக் கதையில் படியுங்கள். விதிகள் நன்றாக வேலை செய்வதாலேயே சிக்கல் வருகிறது, அசிமோவின் பெருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பிலிப் கே. டிக் 1968-ல் 'டூ ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலக்ட்ரிக் ஷீப்?' நாவலில் கேள்வியையே புரட்டிப் போட்டார். யார் மனிதன், யார் இயந்திரம் என்றே தெரியாவிட்டால்? அந்த நாவலில் விலங்குகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன, உயிருள்ள ஒரு ஆடு வைத்திருப்பதே கௌரவம், நாயகன் வீட்டு மொட்டை மாடியில் மேய்வதோ மின்சார ஆடு. அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடுமோ என்று அவன் கூசுவதைப் படித்தால் மீதி உலகமும் புரிந்துவிடும். 'பிளேட் ரன்னர்' படம் இதிலிருந்து எடுத்ததுதான்; 1982-ல் அது வெளியாகச் சில மாதங்கள் இருக்கும்போது டிக் இறந்துவிட்டார். இவ்வளவும் முடித்துவிட்டு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோவை மறுபடி படித்துப் பாருங்கள். சின்ன வயதில் வெறும் இயந்திர நாயாகத் தெரிந்தது இப்போது வேறாகத் தெரியும்.

சரி, ஒரு கோடு பிடிபட்டால் அடுத்தது எளிது. நாடு பிடிப்பதைப் பற்றிப் படிக்க வேண்டுமா? ஹெச். ஜி. வெல்ஸின் 1898 நாவலான 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'-இல் செவ்வாய்க்காரர்கள் இங்கிலாந்தின் மேல் இறங்குகிறார்கள், முதல் அத்தியாயத்திலேயே அவர் டாஸ்மேனியப் பழங்குடிகளுக்கு ஐரோப்பியர் செய்ததை நினைவூட்டிவிடுகிறார். ஜூல்ஸ் வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் தலைவன் கேப்டன் நெமோ யார் என்பது 1875-ல் வந்த 'தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்' நாவலில்தான் வெளிப்படும்: பிரிட்டிஷாரை எதிர்த்துத் தோற்ற பந்தேல்கண்ட் இளவரசன். விண்வெளி என்றால் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் 2008-ல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்தவர், 1979-ல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் சாயலாக வைத்து, அங்கிருந்து வானத்துக்கு லிஃப்ட் கட்டினார். அர்சுலா லெ குவின் நாவல்களுக்கு நேராகப் போகாதீர்கள், சில பக்கங்களே உள்ள 'ஒமேலாஸ்' கதை போதும், ஒரு வாரம் மனதை விட்டுப் போகாது. அதன் பிறகு ஆக்டேவியா பட்லரின் 'கின்ட்ரெட்'. சீன எழுத்தாளர் லியு சிஷினின் மூன்று தொகுதி நாவலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது பழைய ஆட்கள் எல்லோரையும் உள்ளே இழுத்துக்கொண்டு வருவது. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைனுக்கு அவசரமில்லை.

ஒவ்வொருவரிடமும் முதலில் ஒரு சிறுகதை அல்லது ஒரு சிறு நாவல், அதற்கு மேல் வேண்டாம். எழுதிய வருஷத்தைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். அறிவியல் விளக்கம் புரியாவிட்டால் நிற்காமல் தாண்டுங்கள், கதைக்குத் தேவையானது மறுபடி வரும். ஷெல்லி, வெர்ன், வெல்ஸ் மூவரும் பிராஜெக்ட் கூட்டன்பர்க் என்ற இணையதளத்தில் இலவசம்.

பட்டியல்களில் பலமுறை விட்டுப்போகிற ஒருவர் வங்காளத்து ரொக்கையா. அவருடைய 'சுல்தானாவின் கனவு' 1905-ல் நம் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில், ஆங்கிலத்தில் வெளியானது. பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைத்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள், வான்வண்டியில் போகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. அரை மணி நேரம் போதும், இன்று ராத்திரி அதையே எடுங்கள்.