வைஸ் சிட்டி கார்ல தஞ்சாவூர் ரேடியோ: எண்பதுகள் பாட்டு ஸ்டேஷன் ஒண்ணு நாமளே செய்யுறது எப்படி

ஜிடிஏ வைஸ் சிட்டி கேம் விளையாடுனவங்களுக்கு அதுக்குள்ள கார்ல கேக்குற ஃப்ளாஷ் எஃப்எம் ரேடியோ பத்தி புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. கேம் வந்தது 2002ல, கதை நடக்குறது 1986ல, மியாமிய பாத்து செஞ்ச ஒரு கற்பனை ஊரு, கார்ல ஏறி கதவ சாத்துன ஒடனே டோனின்னு ஒரு பொண்ணு பேச ஆரம்பிக்கும், அந்தக் காலத்து பாப் பாட்டு வரும், நடுவுல ஒலகத்துலயே இல்லாத கம்பெனிக்கெல்லாம் விளம்பரம் வரும். அதே மாதிரி ஒரு ஸ்டேஷன நம்ம டெல்டா பக்கத்துக்குன்னு செஞ்சு அதே கேமுக்குள்ள வச்சு கேக்கலாம், அதுக்கு என்னென்ன வேணும்னு இங்க சொல்றேன். 2003ல வந்த பழைய பிசி பதிப்ப வச்சுத்தான் சொல்றேன்.

மொதல்ல ஒரு சாயந்தரம் மிஷன் எதுவும் எடுக்காம சும்மா கார ஓட்டிக்கிட்டு ஃப்ளாஷ் எஃப்எம்ம முழுசா கேளுங்க, கையில ஒரு நோட்டு வச்சுக்கிட்டு. டோனி ஒரு தடவைக்கு எத்தனை செகண்ட் பேசுது, பேச்சு பாட்டு மேல எங்க ஏறுது, ஸ்டேஷன் பேரு எத்தன நிமிஷத்துக்கு ஒரு தடவ வருதுன்னு குறிச்சுக்குங்க. வைஸ் சிட்டில ஒவ்வொரு ஸ்டேஷனும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரே நீள ஃபைல்தான், முடிஞ்சா திரும்ப மொதல்லேர்ந்து சுத்தும். நீங்க வேற ஸ்டேஷன் போனாலும் இது தன் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்குற கணக்குல வச்சிருப்பாங்க, திரும்ப வந்தா பாட்டு நடுவுல போய் விழுவீங்க, அதுலதான் நெஜ ரேடியோங்குற நம்பிக்கையே வருது. 2004ல வந்த அடுத்த ஜிடிஏ கேம் சான் ஆண்ட்ரியாஸ்ல வேற மாதிரி, ஒவ்வொரு பாட்டுக்கும் தலையும் வாலும் தனித்தனியா வெட்டி வச்சு டிஜே பேச்ச மாத்தி மாத்தி ஒட்டுவாங்க. நமக்கு பழைய வழியே போதும்.

இதுலேர்ந்து ஒரு முக்கியமான விஷயம் புரியும். கேம்ல யாரும் ஒரு மணி நேரம் ஒக்காந்து ரேடியோ கேக்க மாட்டாங்க, ஒரு கார திருடி இன்னொரு எடத்துக்கு போற வரைக்கும் ரெண்டு மூணு நிமிஷம், அப்பறம் எறங்கிடுவாங்க. அதனால உங்க ஃபைல்ல எந்த எடத்துல மூணு நிமிஷத்த வெட்டி எடுத்தாலும் அதுல ஊரு தெரியணும், வருஷம் தெரியணும். ஒரு விளம்பரமோ, அறிவிப்பாளரோட ஒரு வரியோ, ஸ்டேஷன் பேரோ எதாவது ஒண்ணு அந்த மூணு நிமிஷத்துக்குள்ள வந்தே ஆகணும். வெறும் பழைய பாட்டா வரிசையா அடுக்கினா அது பிளேலிஸ்ட், ஸ்டேஷன் இல்ல. கீழ சொல்றது எல்லாமே இந்த ஒண்ணுக்காகத்தான்.

ஊரும் வருஷமும். கேமோட 1986ஐயே வச்சுக்குங்க, நல்ல வருஷம் அது. ஆனா ஒண்ணு, அன்னிக்கு டெல்டால எஃப்எம்மே கெடையாது. எஃப்எம் மெட்ராஸ்ல 1977லயே வந்துடுச்சு, தனியார் எஃப்எம் நாட்டுக்குள்ள வந்தது 2001ல. அதனால கும்பகோணத்துல 1986ல ஒரு பாப் எஃப்எம்ங்கிறது முழுக்க கற்பனை, கேமுக்கு அது பொருத்தமும்கூட. பேரு பொன்னி எஃப்எம்னு வச்சுப்போம், ஆத்துக்கும் அந்தப் பேருதான் நெல்லுக்கும் அந்தப் பேருதான். ஆனா அந்த கற்பனை ஸ்டேஷன சுத்தி இருக்குறது எல்லாம் நெஜமா இருக்கணும். அன்னிக்கு நம்ம பக்கம் கேட்டது 1939ல ஆரம்பிச்ச திருச்சி வானொலி, அப்பறம் இலங்கை வானொலி. நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் கடலுக்கு நேரா அந்தாண்ட இருக்குறதால இலங்கை ஸ்டேஷன் பக்கத்து வீட்டுல பாடுற மாதிரி தெளிவா எடுக்கும், 1982ல ரூபவாகினி டிவி வந்தப்ப அதையும் ஆண்டெனா திருப்பி பாத்தவங்க நம்ம ஆளுங்க. ஆடுதுறை ஏடிடி 27 நெல்லுக்கு ரேடியோ நெல்லுன்னே பேரு வந்துச்சே, ரேடியோல கேட்டு நட்டதால. ரேடியோவ அவ்ளோ நம்புன மண்ணு இது, அதுக்கு ஒரு பாப் ஸ்டேஷன் கெடைக்கலைங்கறதுதான் எனக்கு ஆதங்கம், அதனாலதான் இந்த வேலையில எறங்கறதே.

வருஷத்துக்கு பொருந்தாதது உள்ள வந்துடாம பாத்துக்குங்க. 1986ல நாகப்பட்டினம் திருவாரூர் மாயவரம் எல்லாம் தஞ்சாவூர் மாவட்டந்தான், நாகை 1991லயும் திருவாரூர் 1997லயும் மயிலாடுதுறை 2020லயும்தான் தனி மாவட்டம் ஆச்சு. மாயவரத்துக்கு மயிலாடுதுறைன்னு பேரு 1982லயே மாத்தியாச்சு, ஆனா அறிவிப்பாளர் வாயில மாயவரம்னே வரட்டும். சென்னைன்னு சொல்லக்கூடாது மெட்ராஸ்தான். மகாமகம் 1980, அடுத்து 1992, அதனால நடுவுல மகாமக விளம்பரம் போட முடியாது. செய்திக்கு பஞ்சமே இல்ல: வருஷ ஆரம்பத்துல ஹாலி வால் நட்சத்திரம், செப்டம்பர்ல சேப்பாக்கத்துல ஆஸ்திரேலியாவோட டை ஆன டெஸ்ட், அக்டோபர் ஆரம்பத்துல சியோல் ஆசிய விளையாட்டுல பி.டி. உஷாவுக்கு 4 தங்கம். இதுல ஒரு மாசத்த புடிச்சு அதுக்குள்ளயே நில்லுங்க. நான் செப்டம்பர எடுப்பேன், டெஸ்ட் மேட்ச்சும் ஆசிய விளையாட்டு ஆரம்பமும் பக்கத்து பக்கத்துல வருது, வேளாங்கண்ணி திருவிழா 8ஆம் தேதி வருது, வயல்ல ஒரு பக்கம் குறுவை அறுப்பு இன்னொரு பக்கம் நடவு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிடலாம்.

அறிவிப்பாளர் ஒரே ஆளா இருக்கட்டும். 24 வயசு பொண்ணு, கும்பகோணம் காலேஜ்ல பிஏ முடிச்சது, அப்பா சைக்கிள் கடை வச்சிருக்கார், மைக்க புடிச்சா நிறுத்தத் தெரியாது, இந்த மாதிரி ஒரு ஆள எழுதி வச்சுக்கிட்டு அப்பறம் ஸ்கிரிப்ட் எழுதுங்க. பேச்சு நம்ம பக்கத்து பேச்சா இருக்கணும், "சித்த இருங்க, அடுத்த பாட்டு வருது"ன்னு சொல்லட்டும், இப்ப எஃப்எம்ல வர்ற மாதிரி தமிழும் இங்கிலீஷும் கலந்து கட்டி வேகமா அடிச்சா 1986 செத்துடும். அன்னிக்கு பேச்சு கொஞ்சம் நின்னு நிதானமா, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமா இருக்கும். இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதோட பழைய ஒலிப்பதிவு எதாவது கெடச்சா கேளுங்க, ஆனா அப்படியே காப்பி அடிக்க வேணாம், பாட்டோட முன்னிசை ஓடுறப்ப அது மேல பேசிட்டு பாடகர் வாய தொறக்குறதுக்கு முந்துன செகண்ட்ல நிறுத்துறது எப்படின்னு மட்டும் கத்துக்குங்க. ஃப்ளாஷ் எஃப்எம்ல டோனி செய்யுறதும் இதேதான். தமிழ் பாட்டுல முன்னிசை நீளம்ங்கிறதால நமக்கு எடம் இன்னும் தாராளம்.

ஃபோன் பண்ணி பாட்டு கேக்குற நேயர் வேணாம், அன்னிக்கு எத்தன வீட்டுல ஃபோன் இருந்துச்சு? கார்டுதான், பதினஞ்சு பைசா போஸ்ட் கார்டு. "வலங்கைமானிலிருந்து செல்வி, ரேவதி, அம்மா, அப்பா, மற்றும் மேலத்தெரு நண்பர்கள்"னு ஊரும் பேருமா மூச்சு விடாம படிச்சா போதும், டெல்டா மேப்பே காதுல வந்துடும். பேரளம், கீவளூர், நன்னிலம், பாபநாசம், திருத்துறைப்பூண்டி, ஒரு தடவைக்கு நாலு ஊருக்கு மேல போகாதீங்க.

விளம்பரத்துலதான் நெறைய மெனக்கெடணும். ஃப்ளாஷ் எஃப்எம்ல விளம்பரம் அந்தக் காலத்து அமெரிக்க பேராசைய கிண்டல் பண்ணும், நம்மளது நம்ம ஊரு ஆசைய காட்டணும். பம்புசெட், பாலியஸ்டர் வேட்டி, தீபாவளி ஜவுளி, டிவிக்கு ஆண்டெனா கட்டுறவரு, கேசட்டுல பாட்டு பதிஞ்சு தர்ற ரெக்கார்டிங் சென்டர், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, நீடாமங்கலம் பால் திரட்டு, திருவையாறு அசோகா அல்வா. கடைப் பேரு மட்டும் நெஜமா இருக்குற கடையா இருக்கக் கூடாது, ஊரும் பொருளும் நெஜமா இருக்கட்டும். ஒண்ணு 20லேர்ந்து 30 செகண்ட், ரெண்டு குரல், கடைசியில ஒரு மெட்டு. ரெக்கார்டிங் சென்டர் விளம்பரத்த நான் எழுதுனா இப்படி எழுதுவேன்: ஒரு பையன் கையில எழுதுன பன்னெண்டு பாட்டு லிஸ்டோட வந்து நிக்கிறான், கடைக்காரர் "அறுபது நிமிஷ கேசட்டா தொண்ணூறா"ன்னு கேக்குறார், பையன் காசு எண்ணுற சத்தம், அப்பறம் "அறுபதே போதுண்ணே". அவ்ளோதான். அந்த காசு சத்தத்துலயே 1986 இருக்கு.

பாட்டு விஷயம். இந்தியாவுல ஒலிப்பதிவுக்கு உரிமை 60 வருஷம், 1986ல வெளியானது 2046 முடியுற வரைக்கும் ஒருத்தருக்கு சொந்தம். உங்க வீட்டுல உங்க கேம்ல நீங்க மட்டும் கேக்குறதோட நிறுத்திக்குங்க, பாட்டோட சேத்து யாருக்கும் அனுப்பாதீங்க. வைஸ் சிட்டிக்கே உரிமம் முடிஞ்சு 2012க்கு அப்பறம் வித்த பதிப்புல சில பாட்ட தூக்க வேண்டியதா போச்சு. மத்தவங்களுக்கு குடுக்கணும்னா பாட்ட நாமளே செய்யுறதுதான் வழி, அது தனி சந்தோஷம். அந்தக் கால சத்தத்துக்கு காரணம் சில மெஷின்தான்: 1983ல வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு, 1982ல வந்த லின்ட்ரம், 1980ல வந்த ரோலண்ட் 808 டிரம் மெஷினுங்க. டிஎக்ஸ்7 சத்தத்துக்கு டெக்ஸ்ட்னு (Dexed) ஒரு ப்ளக்இன் காசில்லாம கெடைக்குது. ஸ்நேர் டிரம்முக்கு பெரிய ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போட்டு அத பட்டுன்னு வெட்டிடுங்க, பாதி எண்பதுகள் அங்கேயே வந்துடும். அதோட ஒரு தவில் சொல்லோ நாதஸ்வர பிடியோ சேத்தா தஞ்சாவூரும் வந்துடும், ஆனா எல்லா பாட்டுலயும் சேத்தா திகட்டும்.

கணக்கு இப்படி வச்சுக்கலாம்: 14 பாட்டு, ஒண்ணு 3 நிமிஷம், மொத்தம் 42. மீதி 18 நிமிஷம் பேச்சு, கார்டு, விளம்பரம், ஸ்டேஷன் மெட்டு. கேம்லயும் பல பாட்ட சுருக்கித்தான் போட்டிருக்காங்க, அதனால ரெண்டாவது சரணத்த வெட்ட தயங்க வேணாம்.

குரல் பதிய ஸ்டுடியோ வேணாம். நெல்லு மூட்டை அடுக்கி வச்ச ரூம் இருந்தா அத விட நல்ல ரூம் கெடையாது, எதிரொலிய அப்படியே முழுங்கிடும். இல்லாதவங்க மெத்தை போர்வைய சுவத்துல தொங்க விடுங்க. ஃபேன நிறுத்திடுங்க, மைக் வாயிலேர்ந்து ஒரு சாண் தள்ளி கொஞ்சம் ஓரமா இருக்கட்டும். மழைக்காலத்துல ராத்திரி தவக்களை விடாது, அதனால மத்தியானம் பதியுங்க.

கலக்குறதுக்கு ஆடாசிட்டிங்கிற சாஃப்ட்வேர் போதும், இலவசம். பாட்டு டிராக்குக்கு நேர் கீழ குரல் டிராக்க வச்சு, பாட்ட செலக்ட் பண்ணி ஆட்டோ டக் போட்டா, பேச்சு வர்ற எடத்துல பாட்டு தானா எறங்கும், 12 டெசிபல் எறக்கம் சரியா இருக்கும். அப்பறம் மொத்தத்துக்கும் ஒரு கம்ப்ரெஸ்ஸர், சத்தத்தோட ஏத்த எறக்கத்த கொறைக்குற எஃபெக்ட் அது, அதுதான் ரேடியோ சத்தம். எஃப்எம்ல 15 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் போகும், அதுக்கு மேல வெட்டிடுங்க. நடுவுல மீடியம் வேவ் ஸ்டேஷன் ஒண்ணு லேசா குறுக்க வர்ற மாதிரி ஒரு எடம் வைக்கணும்னா அந்த துண்ட மட்டும் 4.5 கிலோஹெர்ட்ஸ்ல வெட்டி கொஞ்சம் இரைச்சல் சேருங்க, ரெண்டு செகண்ட் போதும். கரண்ட் போறத கூட வைக்கலாம், ஆனா மூணு செகண்டுக்கு மேல சத்தமே இல்லாம விட்டா விளையாடுறவங்க கேம்தான் நின்னுடுச்சுன்னு நெனச்சுப்பாங்க.

கடைசியில ஒரே ஃபைலா எம்பி3யா எடுங்க, பிட்ரேட் மாறாத கான்ஸ்டன்ட்டா இருக்கட்டும், ஃபைல் பேரு இங்கிலீஷ் எழுத்துல இருக்கட்டும். கேம் இன்ஸ்டால் ஆன எடத்துல எம்பி3ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல போட்டுட்டு கேம திரும்ப தொறந்தா ஆடியோ செட்டிங்ல ஸ்டேஷன் வரிசையில எம்பி3 பிளேயர் சேந்திருக்கும். சான் ஆண்ட்ரியாஸ்னா டாக்குமெண்ட்ஸ்ல கேமோட யூசர் ஃபைல்ஸுக்குள்ள யூசர் ட்ராக்ஸ் ஃபோல்டர், அங்க அஞ்சாறு நிமிஷத் துண்டா வெட்டி போடுறது நல்லது.

ஃப்ளாஷ் எஃப்எம் எடத்துலயே உக்காத்தணும்னா ஆடியோ ஃபோல்டர்ல ஃப்ளாஷ்ங்கிற பேர்ல ஏடிஎஃப்னு முடியுற ஃபைல் இருக்கும். அது வேற ஒண்ணுமில்ல, எம்பி3யோட ஒவ்வொரு பைட்டையும் 34ங்கிற எண்ணோட எக்ஸ்ஓஆர் (XOR, ஒரு பிட் கணக்கு) பண்ணி மறைச்சு வச்சது, உங்க எம்பி3யையும் அதே மாதிரி மாத்தி அதே பேர்ல வச்சா போதும், மாத்துறதுக்கு நாலு வரி புரோகிராம் எழுதினா முடிஞ்சுது. ஒரிஜினல் ஃபைல வேற எடத்துல காப்பி எடுத்து வச்சுட்டு செய்யுங்க. அப்பறம் கேம்ல பக்கத்து ஸ்டேஷனுக்கும் உங்க ஸ்டேஷனுக்கும் மாத்தி மாத்தி கேளுங்க, சத்தம் கம்மியா இருந்தா திரும்ப ஆடாசிட்டிக்கு போய் ஏத்துங்க, பீச் ரோட்டுல ஒரு வண்டிய எடுத்து மூணு நிமிஷம் ஓட்டிட்டு எறங்கி வேற வண்டில ஏறுங்க, ஏறுன எடத்துலல்லாம் ஊரு பேரு காதுல விழுதான்னு பாருங்க. விழாத எடத்த குறிச்சு வச்சுக்கிட்டு அங்க இன்னொரு கார்டு படிச்சு சேருங்க.